பொருத்தம் பார்ப்பது எப்படி? (பொட்டி தட்டுபவனின் புலம்பல்)

தலைப்பைப் பார்த்துட்டு எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சுன்னு நினைச்சு யாரும் வாழ்த்துச் சொல்லிட வேண்டாம் மக்களே. எங்க வீட்டு வரிசைப்படி முதல்ல அக்கா, அப்புறம்தான் நான். அக்காவுக்கு நாலு வருஷமா பார்த்துக்கிட்டு இருக்காங்க. அதனால என் ஜாதகத்தை இன்னும் யாரும் பீரோவுல இருந்து வெளியவே எடுக்கலை.

இது ஆபீஸ்ல நான் பார்த்த பொருத்தத்தைப் பத்தின பதிவு. ஆனா அந்தக் கதையை எங்கே இருந்து ஆரம்பிச்சாலும் ஈரோட்டுல எங்க வீட்டு ஹால்ல போய்தான் முடியுது. ஏன்னு கடைசியில உங்களுக்கே புரியும். நடுவுல கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும். பொட்டி தட்டாதவங்க பயப்பட வேண்டாம், பெருக்கல் வாய்ப்பாடு தெரிஞ்சாப் போதும்.

*

நான் ஆணி புடுங்குறது மருத்துவக் காப்பீடு ப்ராஜெக்ட்ல. ஆஸ்பத்திரியில படுத்து எழுந்தவங்க பில்லை அனுப்பிப் பணம் கேட்பாங்க. அந்தக் கிளெய்முக்குப் பணம் கொடுக்கலாமா, நிறுத்தலாமா, இல்ல யாராவது ஒரு மனுஷன் எடுத்துப் பார்க்கணுமா? இதை முடிவு பண்ண நூத்துக்கணக்குல விதிகள். "பாலிசி எடுத்து 30 நாள் ஆகலைன்னா நிறுத்து, விபத்துன்னா மட்டும் விடு" அப்படிங்கிற மாதிரி.

இத்தனையையும் ஜாவாவுல இஃப், எல்ஸ்னு எழுதிக்கிட்டே போனா ஆறே மாசத்துல எழுதினவனுக்கே புரியாது. அதுக்குத்தான் ரூல் எஞ்சின். நாங்க பயன்படுத்தறது ட்ரூல்ஸ். "எப்போது" இப்படி இருக்கோ, "அப்போது" இதைச் செய், அவ்வளவுதான் நாம எழுதணும். எந்தக் கிளெய்ம் எந்த விதிக்குப் பொருந்துதுன்னு எஞ்சின் பார்த்துக்கும். அதாவது வேலையே பொருத்தம் பார்க்கிறதுதான்.

ஆயிரம் விதி, ஒரு லட்சம் தகவல் இருந்தா ஒவ்வொண்ணையும் ஒவ்வொண்ணோட ஒட்டிப் பார்த்து மாளுமா? மாளாது. இதுக்கு வழி கண்டுபிடிச்சவர் சார்லஸ் ஃபோர்ஜி. அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல 1979-ல முடிச்ச முனைவர் பட்ட ஆய்வு. 1982-ல கட்டுரையாவும் வந்துச்சு. பேரு ரெட்டே அல்காரிதம். ரெட்டேன்னா லத்தீன்ல வலை. (வலைப்பதிவர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம் :-))

அவர் கவனிச்சது ரெண்டே விஷயம். ஒண்ணு, தகவல்கள் எல்லாம் ஒரேயடியா மாறுறதில்லை. ஒரு லட்சத்துல பத்து மாறும். அப்போ மிச்சத்துக்குப் பார்த்த பொருத்தத்தை மறக்காம வச்சுக்கிட்டா மறுபடி பார்க்க வேண்டாம். ரெண்டு, பல விதிகள் ஆரம்பத்துல ஒரே கேள்வியைத்தான் கேட்குது. "புதுக் கிளெய்மா?"ன்னு நாப்பது விதி கேட்டா நாப்பது தடவை பார்க்கணுமா? ஒரு தடவை பார்த்துட்டு நாப்பதுக்கும் பங்கு போட்டுக்கலாம். கார்னகி மெலன்ல ஜான் மெக்டெர்மாட் 1978-ல ஆரம்பிச்ச ஆர்1 திட்டம், பின்னாடி எக்ஸ்கான்னு பேர் வாங்கினது, டிஜிட்டல் ஈக்விப்மென்ட் கம்பெனியோட வாக்ஸ் கம்ப்யூட்டருக்கு எந்தெந்த பாகம் சேரணும்னு விதி போட்டுச் சொல்லுச்சு. ஆயிரக்கணக்கான விதியோட அது ஓடினது இந்த வலையை நம்பித்தான். 2013-ல வந்த ட்ரூல்ஸ் 6-ல இருந்து உள்ளே இருக்கிற அல்காரிதம் பேர் மாறிடுச்சு, கொஞ்சம் சோம்பேறியாவும் ஆயிடுச்சு (நல்ல அர்த்தத்துல, தேவைப்படும்போதுதான் வேலை செய்யும்). ஆனா அடிப்படை அதே வலைதான்.

வலையை ஃபோர்ஜி கொடுத்துட்டார். வலையில ஓட்டை போடுறது நம்ம கையிலதானே இருக்கு.

*

போன வருஷம் ஆடி மாசக் கடைசி. ஒரே ஆஸ்பத்திரி பில்லுக்கு ரெண்டு தடவை பணம் கேட்டு வர்றதைப் பிடிக்க ஒரு விதி வேணும்னு சொன்னாங்க. நம்ம கைக்கு வந்துச்சு. பழைய சிஸ்டத்துல இதுக்காகவே ஒரு ஃபங்ஷன் இருந்துச்சு. ரெண்டு கிளெய்மைக் கொடுத்தா ரெண்டும் ஒரே ஆளோட ஒரே பில்லான்னு சொல்லும். நாப்பது வரிக்கு மேல. எழுதின சீனியர் எப்பவோ வேற கம்பெனிக்குப் போயிட்டார். படிச்சுப் பார்க்காம அப்படியே எடுத்துப் போட்டேன். தமிழ்ல எழுதினா என் விதி இப்படி இருக்கும்:

விதி "இரட்டைக் கிளெய்ம்"
எப்போது
அ : கிளெய்ம்( )
ஆ : கிளெய்ம்( )
சோதி( ஒரேஆளா( அ, ஆ ) )
அப்போது
ஆ-வை நிறுத்து

பார்க்க எவ்வளவு லட்சணமா இருக்கு! டெஸ்ட் பண்ணினது 200 கிளெய்ம் வச்சு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சது. புதன்கிழமை ராத்திரி நிஜ டேட்டாவுல ஏத்தினோம். 20,000 கிளெய்ம்.

ராத்திரி 2.40-க்கு போன். மெமரி நிரம்பி சர்வர் படுத்துடுச்சு. மறுபடி எழுப்பி விட்டாங்க, மறுபடி படுத்துடுச்சு. காலையில எட்டு மணிக்குள்ள முடியலைன்னா அன்னிக்குப் போக வேண்டிய பணம் யாருக்கும் போகாது. டிஸ்சார்ஜ் ஆகிக் கடன் வாங்கிக் கட்டிட்டுக் காத்துக்கிட்டு இருக்கிறவங்க பணம்.

இப்போ பெருக்கல் வாய்ப்பாடு. 200 கிளெய்மை 200-ஓட ஜோடி சேர்த்தா 40,000 ஜோடி. 20,000-ஐ 20,000-ஓட சேர்த்தா 40 கோடி ஜோடி. டேட்டா நூறு மடங்குதான் ஏறுச்சு, வேலை பத்தாயிரம் மடங்கு ஏறிடுச்சு. அதுலயும் வலை எல்லா ஜோடியையும் ஞாபகம் வச்சுக்கும்னு மேல சொன்னேனே, அந்த நல்ல குணமே இங்க எமன். ஒரு ஜோடிக்கு 50 பைட்டுன்னு குறைச்சலா வச்சாலும் 20 ஜிபி. நாங்க கொடுத்திருந்தது 8.

எஞ்சின் ஏன் புத்திசாலித்தனமா எதையும் தவிர்க்கலை? என்னால. "சோதி"க்குள்ள நான் வச்சது ஒரு மூடின பெட்டி. உள்ளே என்ன கேட்கிறோம்னு எஞ்சினுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஜோடியையும் கையில எடுத்து அந்தப் பெட்டிக்குள்ள போட்டு "பொருந்துதா?"ன்னு கேட்கறதைத் தவிர அதுக்கு வேற வழியே இல்லை. வேற வழி காட்டாதது என் தப்பு.

அன்னிக்கு ராத்திரி என் விதியைக் கழட்டி வச்சுட்டு மிச்சத்தை ஓட்டினோம். 7.20-க்கு முடிஞ்சது. கேன்டீன் காபி அவ்வளவு நல்லா இருந்து நான் குடிச்சதே இல்லை.

*

அந்த வார இறுதியில ஊருக்குப் போனேன். அம்மா ஹால்ல உட்கார்ந்து நோட்டைப் பிரிச்சு வச்சிருந்தாங்க. அது ஒரு 192 பக்கக் கோடு போட்ட நோட்டு. அக்காவுக்கு வந்த ஒவ்வொரு ஜாதகத்துக்கும் ஒரு வரி. வாட்ஸப்ல வந்தாலும் அதை நோட்டுல ஏத்தினாத்தான் அம்மாவுக்குக் கணக்கு. ஊர், படிப்பு, வேலை, வயசு, வீடு, நட்சத்திரம், அப்புறம் "ஜோசியர்"னு ஒரு கட்டம்.

ஜோசியர்கிட்ட போனா ஒரு ஜோடிக்கு 300 ரூபா. அதனால அம்மா அவரைக் கடைசியில வச்சிருக்காங்க. போன்லயே கேட்டுத் தெரிஞ்சுக்கக்கூடிய ஊர், படிப்பு, வயசெல்லாம் முதல்ல. அதுக்குக் காசு இல்லை. அதுல தப்பிச்சு வர்றது மட்டும்தான் 300 ரூபாக் கேள்விக்குப் போகும். பத்தாவது படிச்ச எங்கம்மா பண்ணின இந்த வேலையை நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நான் பண்ணலை. செலவில்லாத கேள்வி முதல்ல, செலவு பிடிக்கிற கேள்வி கடைசியில. அவ்வளவுதான் விஷயம்.

"முக்கியமான கேள்வியைத்தானே முதல்ல கேட்கணும்? ரஜ்ஜு பொருந்தலைன்னா மத்த ஒம்பது பொருந்தி என்ன பிரயோஜனம்னு சொல்றாங்களே"ன்னு நான் சும்மா வாயைக் கொடுத்தேன்.

அக்கா பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். அவ பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தா. சிவப்பு பேனாவோட ஒரு ஜெராக்ஸ் ஜாதகத்தைத் திருப்பிப் போட்டு, மஞ்சள் தடவின மூலையைத் தவிர்த்துட்டு எழுத ஆரம்பிச்சா. "27 நட்சத்திரம். அஞ்சு ரஜ்ஜு. சிரசுல மூணு, கழுத்து, வயிறு, தொடை, பாதம் ஒவ்வொண்ணுலயும் ஆறு. ரெண்டு பேரும் ஒரே ரஜ்ஜுல இருந்தா ஆகாது. மொத்த ஜோடி 27 இன்டு 27, 729. ஆகாதது மூணு மூணு ஒம்பது, அப்புறம் நாலு முப்பத்தாறு, மொத்தம் 153. எவ்வளவு ஆச்சு? 21 சதவீதம். மிச்சம் 79 சதவீதம் தாண்டி வந்துரும். ரஜ்ஜு முக்கியமா இருக்கலாம்டா. ஆனா அது நல்ல சல்லடை இல்லை."

முக்கியமான கேள்வி வேற. நிறையக் கழிக்கிற கேள்வி வேற. திங்கட்கிழமை ஆபீஸ்ல இதைத்தான் என் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி எல்லாருக்கும் விளக்கினேன். அக்கா மன்னிப்பாளாக.

*

புது விதி இப்படி ஆச்சு. பணத்தைக் கட்டிட்டுப் பின்னாடி பில் அனுப்பறவங்க கிளெய்ம்லதான் இந்த இரட்டைப் பிரச்சினை வரும். அது 20,000-ல 6,000 தான். இதை முதல் கேள்வியா, ரெண்டாவது கிளெய்மைத் தொடறதுக்கு முன்னாடியே கேட்டாச்சு. இது ஒண்ணுலயே 40 கோடி ஜோடி 3 கோடியே 60 லட்சமா இறங்கிடுச்சு.

அடுத்து, ரெண்டு கிளெய்மையும் சேர்க்கிற இடத்துல மூடின பெட்டியைத் தூக்கிட்டு, "பாலிசி எண் ஒண்ணா, அட்மிட் ஆன தேதி ஒண்ணா, நோயாளி பேர் ஒண்ணா"ன்னு மூணு சமக்குறியை வெளிப்படையா எழுதினேன். இப்படி எழுதினா எஞ்சின் அந்த மதிப்புகளை வச்சு அறை அறையாப் பிரிச்சு வச்சுக்கும். தபால் ஆபீஸ்ல பின்கோடு வாரியா அலமாரியில பிரிச்சுப் போடுற மாதிரி. புதுக் கிளெய்ம் வந்தா நேரா அதோட அறைக்குப் போய் அங்கே இருக்கிற ஒண்ணு ரெண்டை மட்டும் பார்க்கும். மத்த 5,998 பக்கம் திரும்பவே திரும்பாது. பாலிசி எண் மட்டும் போதாதான்னு கேட்டா, போதாது. ஒரு கம்பெனி தன்னோட ஊழியர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாலிசி எடுத்திருக்கும். அந்த ஒரு அறை மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி நிரம்பி வழியும்.

கடைசியா, "அ-வோட எண் ஆ-வோட எண்ணைவிடச் சின்னது"ன்னு ஒரு வரி. இல்லைன்னா அ-வும் ஆ-வும் ஒரு தடவை, ஆ-வும் அ-வும் இன்னொரு தடவைன்னு ஒரே ஜோடி ரெண்டு தடவை வரும். போதாக்குறைக்கு ஒவ்வொரு கிளெய்மும் தன்னோடயே ஜோடி சேர்ந்து தன்னையே இரட்டைன்னு பிடிச்சுக் கொடுக்கும்.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. மத்த விதிகள்ல இருக்கிற பொதுக் கேள்விகளை அதே வரிசையில, அதே மாதிரி எழுதினாத்தான் வலை பங்கு போட்டுக்கும். ஒருத்தர் "நிலை புதுசு, வகை இது"ன்னும் இன்னொருத்தர் "வகை இது, நிலை புதுசு"ன்னும் எழுதினா அர்த்தம் ஒண்ணு, ஆனா வலையில ரெண்டு தனித்தனி பாதை. உட்கார்ந்து எல்லாத்தையும் ஒரே வரிசைக்குக் கொண்டு வந்தேன்.

மொத்தமும் நாலு நிமிஷத்துல முடிஞ்சது. டேமேஜர் எல்லாருக்கும் காப்பி வச்சுப் பாராட்டி மெயில் அனுப்பினார். அதை நான் நட்சத்திரக் குறி போட்டு வச்சிருக்கேன். ஏன் இன்னும் வச்சிருக்கேன்னா, அடுத்த பகுதி அதனாலதான்.

*

சரியா மூணு வாரம். கணக்குப் பிரிவுல இருந்து ஒரு பட்டியல் வந்துச்சு. 11 பேருக்கு ரெண்டு தடவை பணம் போயிருக்கு. என் விதி அந்த 11 ஜோடியையும் பார்க்கவே இல்லை.

ஒரு ஜோடியை எடுத்துப் பார்த்தேன். ஒண்ணுல "எஸ். முருகன்". இன்னொண்ணுல "முருகன் எஸ்". வேற ஒண்ணுல புள்ளி இருக்கு, இடைவெளி இல்லை. இன்னொண்ணுல அப்பா பேர் முழுசா முன்னாடி ஒட்டியிருக்கு. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. நான் தூக்கிப் போட்ட அந்த நாப்பது வரி ஃபங்ஷனை அப்போதான் முதல் தடவையா முழுசாப் படிச்சேன். புள்ளியை எடு, இடைவெளியை எடு, இனிஷியல் முன்னாடி இருந்தா பின்னாடி போடு, அப்பா பேர் முழுசா இருந்தா முதல் எழுத்தை மட்டும் எடு. இனிஷியலை நம்மாளுங்க எத்தனை விதமா எழுதுவாங்கன்னு அந்த முகம் தெரியாத சீனியர் ஒவ்வொண்ணா அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டு எழுதி வச்சிருந்தார். நான் அதை மூடின பெட்டின்னு கேலி பண்ணித் தூக்கிட்டு ஒரு சமக்குறியை வச்சிருக்கேன்.

வேகம் வந்ததுக்குக் காரணம் என் எஞ்சின் அறிவுதான். ஆனா அந்த அறைக்கு வெளியே நின்னவங்களை எஞ்சின் திரும்பியே பார்க்காதுங்கிறதும் அதே அறிவுல சேர்த்திதானே?

11 பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கேட்டு லெட்டர் போச்சு. ஒரு பெரியவர் கையால பதில் எழுதியிருந்தார். ஸ்கேன் பண்ணினது என் பார்வைக்கு வந்துச்சு. முதல் தடவை அனுப்பின பில் வந்து சேரலை, மறுபடி அனுப்புங்கன்னு ஆபீஸ்லதான் சொன்னாங்களாம். ரெண்டாவதா வந்த 38,400 ரூபாயை, ஏதோ கூடுதலா அனுமதிச்சிருக்காங்கன்னு நினைச்சு, மனைவியோட இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் பண்ணிட்டாராம். மாசம் 2,000 வீதம் கட்ட அனுமதிக்கணும்னு கேட்டிருந்தார். திட்டி ஒரு வரி இல்லை. திட்டியிருந்தா தேவலை.

இந்த மாதிரி தப்பு நடந்தா "மூல காரணம்"னு ஒரு மெயில் எழுதணும். நான் எழுதினது: "உள்ளீட்டில் பெயர்கள் சீராக இல்லாததால் இரட்டைக் கிளெய்ம்கள் கண்டறியப்படவில்லை." பொய் ஒரு வார்த்தை இல்லை. ஆனா பழைய விதி பிடிச்சதைப் புது விதி விட்டுடுச்சு, அதை மாத்தினது நான்தான்னு எங்கேயும் இல்லை. படிச்சா தப்பு முருகன் மேலன்னு இருக்கும். ரெண்டு நாள் அந்த மெயில் தொண்டையில முள்ளு மாதிரி நின்னுச்சு. மூணாவது நாள் டேமேஜர் ரூமுக்குப் போய்ச் சொன்னேன். "அது எனக்குத் தெரியும்ப்பா, சரி பண்ணு முதல்ல"ன்னார். இன்னொரு மெயில் போட்டேன். அதுக்கு யாரும் பதில் போடலை. பெரியவருக்குத் தவணை கொடுத்துட்டாங்க.

சரி பண்ணின விதம் ரொம்ப எளிசு. அந்தச் சீனியரோட நாப்பது வரியைத் திருப்பிக் கொண்டு வந்தேன், ஆனா வேற இடத்துக்கு. ஜோடி சேர்க்கும்போது இல்லை, கிளெய்ம் உள்ளே நுழையும்போதே. ஒவ்வொரு கிளெய்முக்கும் ஒரு தடவை பேரைச் சீர்படுத்தி "சுத்தப்பெயர்"னு ஒரு கட்டத்துல எழுதி வச்சிடறது. 20,000 கிளெய்முக்கு 20,000 தடவைதான் ஓடும், 40 கோடி தடவை இல்லை. அப்புறம் சமக்குறி சுத்தப்பெயரைப் பார்க்கும். எஸ். முருகனும் முருகன் எஸ்ஸும் ஒரே அறைக்குள்ள போயிடுவாங்க. நாலு நிமிஷம் நாலரை ஆச்சு.

கூடவே இன்னொண்ணும் வச்சேன். வாரத்துக்கு ஒரு நாள், ஏதோ 200 கிளெய்மை எடுத்து, எந்தச் சல்லடையும் இல்லாம பழைய மெதுவான வழியில எல்லா ஜோடியையும் பார்க்கிறது. 40,000 ஜோடிதானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடியும். வேகமான விதி விட்டது எதாவது அதுல மாட்டுதான்னு ஒரு பதிவு. இதுவரைக்கும் ரெண்டு தடவை மாட்டியிருக்கு.

*

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ இந்தக் கதையை அக்காகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். நடுவுல போன். யாரோ ஒரு மாப்பிள்ளை வீடு. அம்மா எடுத்தாங்க.

"ஆமாங்க, எம்எஸ்சி கணக்கு, பிஎட். ஆமாங்க, பள்ளிக்கூடத்துலதானுங்க. நட்சத்திரமுங்களா..." ஒரு நொடி. "மூலமுங்க."

"..."

"சரிங்க. பரவாயில்லீங்க. வச்சிடறேனுங்க."

ஒரு நிமிஷம்கூட ஆகலை. பெண் மூலம் நிர்மூலம், மாமனாருக்கு ஆகாதுன்னு எவனோ என்னிக்கோ சொல்லி வச்சது. அம்மா நோட்டுல அந்த வரிக்கு நேரா ஒரு கோடு போட்டுட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க. நான் நோட்டை எடுத்து எண்ணினேன். பொட்டி தட்டுறவனுக்கு வேற என்ன தெரியும்? மொத்தம் 186 ஜாதகம். நட்சத்திரத்தைக் கேட்டதும் அவங்களே விலகினது 104.

"ஆனா அக்கா, மூலம் வேண்டாம்கிறது சல்லடையாக்கூட உதவாது. 27-ல ஒண்ணுதானே கழியும்?"னு கேட்டேன்.

"அவங்களுக்கு 27-ல ஒண்ணு கழிஞ்சா இன்னும் 26 இருக்குடா. ஒரு நஷ்டமும் இல்ல. கழியற அந்த ஒண்ணு யாரு?"ன்னா. பேப்பர் திருத்தறதை நிறுத்தலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்க ஆபீஸ்ல வாரம் ஒரு நாள் விட்டதைத் திருப்பிப் பார்க்கிறீங்கன்னு சொன்னியே, அது நல்ல வேலை"ன்னா.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. நோட்டையே புரட்டிக்கிட்டு இருந்தேன். அப்போதான் இன்னொரு கட்டம் கண்ணுல பட்டுச்சு. "வீடு". அதுல "வாடகை"ன்னு எழுதி அம்மா போட்ட கோடு. எண்ணினேன். 37. அதாவது 37 பேரை நாங்க, அவங்க நட்சத்திரம்கூடக் கேட்காம, ஒரே வார்த்தையில அனுப்பி வச்சிருக்கோம். 22 வருஷம் வாடகை வீட்டுல இருந்துதான் அப்பா என்னையும் அக்காவையும் படிக்க வச்சார். இது அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். செலவில்லாத கேள்வி, நிறையக் கழிக்குது. அதனால முதல்ல வந்து உட்கார்ந்துடுச்சு. நான்தானே அந்த முறையைப் போன பகுதியில அவ்வளவு பெருமையாப் பேசினேன்!

அன்னிக்கு ராத்திரி அக்காவும் நானும் உட்கார்ந்து அந்த 37-ஐ ஒவ்வொண்ணாப் படிச்சோம். பாதிக்கு மேல கல்யாணம் ஆகியிருக்கும். அக்கா அஞ்சு பேரைத் தனியா எழுதினா. அம்மாகிட்ட காட்டினோம். "வாடகை வீடாச்சேடி"ன்னாங்க. அப்பா பேப்பர்ல இருந்து தலையை எடுக்காமலே "நாம எங்கடி இருந்தோம்?"னார். அம்மா ஒண்ணும் சொல்லலை. மறுநாள் காலையில ரெண்டு பேருக்குப் போன் பண்ணினாங்க. ஒருத்தருக்குக் கல்யாணம் ஆகி ஒரு குழந்தையும் இருக்காம். இன்னொரு வீட்டுல நட்சத்திரத்தைக் கேட்டுட்டு, "எங்கம்மாவும் மூலம்தானுங்க, அதனால என்னங்க"ன்னு சொன்னாங்களாம்.

போன மாசம் வந்து பார்த்துட்டுப் போனாங்க. இன்னும் ஒண்ணும் முடிவாகலை. அக்கா யோசிக்கணும்னு சொல்லியிருக்கா. யோசிக்கட்டும். அவளுக்கும் கேட்கறதுக்குக் கேள்வி இருக்கும், அதையெல்லாம் அவ இஷ்டப்பட்ட வரிசையில கேட்கட்டும்.

டிஸ்கி 1: பொட்டி தட்டுற மக்களுக்கு: பழைய ஃபங்ஷனைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசாப் படிச்சிடுங்க. எழுதினவர் முட்டாளா இருக்க வாய்ப்பு கம்மி.

டிஸ்கி 2: ஜோசியத்துல நம்பிக்கை உள்ளவங்க சண்டைக்கு வர வேண்டாம். கணக்கு எங்கக்காவோடது. தப்பு இருந்தா அவகிட்ட சொல்லுங்க, சிவப்பு பேனாவோட தயாரா இருக்கா :-)